சத்திரத்துச் சோற்றுக்கு யார் உத்தரவு?
ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரம் – ஒரு மதிப்பீடு

'சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தையங்கார் உத்தரவா?' என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. பொதுவில் போடுகிற சோற்றுக்குத் தனி ஒருவர் அனுமதி எதற்கு என்பது இதன் பொருள். கேலிப் பேச்சில் இதைச் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். ஆனால் சத்திரம் என்ற அமைப்பை நிறுத்துப் பார்க்க இதைவிட நல்ல படிக்கல் கிடையாது என்பது என் எண்ணம். ஒரு கட்டடம் சத்திரமாக விளங்குகிறதா என்று அறிய அதன் தூண்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். வாசலில் உத்தரவு கேட்க வேண்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சத்திரங்களைப் பற்றி நம்மவர் எழுதியவற்றைப் படித்து வருகிறேன். அவற்றில் இரண்டு போக்குகள் தெரிகின்றன. ஒரு சாரார் மன்னர்களின் கொடையைப் பாடிப் பாடி, சத்திரத்தைக் குறையே இல்லாத பொற்காலச் சின்னமாக்கி விடுகிறார்கள். மற்றொரு சாரார் அது சாதிப் பந்தி போட்ட இடம், அவ்வளவுதான் என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். முதல் சாரார் வரவை மட்டும் எழுதுகிறார்கள், இரண்டாம் சாரார் செலவை மட்டும் எழுதுகிறார்கள். பேரேட்டில் இரண்டு பக்கமும் வேண்டாமா? தஞ்சை மராட்டியர் காலத்து முக்தாம்பாள் சத்திரத்தை முன்வைத்து இரு பக்கத்தையும் எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

சத்திரம் என்பது 'சத்ரம்' என்ற வடசொல்லின் வழிவந்தது. பல நாள் நடக்கும் வேள்விக்கும், அங்கு வந்தவர்க்கெல்லாம் இடும் உணவுக்கும் அச்சொல் வழங்கியது. ஆகவே சத்திரம் என்ற சொல்லுக்குள் முதலில் இருப்பது சோறு. கூரை பிறகு வந்தது. சாவடி என்பது வேறு. அது வழிப்போக்கர் ஒதுங்கும் இடம், ஊர் வழக்குத் தீர்க்கும் இடம், வரி வாங்கும் இடம் என்று பல வேலைகளுக்கு உரிய பொதுக் கட்டடம். மடம் என்பது துறவியரைச் சார்ந்தது. ஆங்கிலேயர் இந்தச் சாவடி என்ற சொல்லைத்தான் 'சௌல்ட்ரி' என்று திரித்துக்கொண்டு, சத்திரம், சாவடி, மண்டபம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயரை ஒட்டினார்கள். சென்னையில் அவர்கள் நடத்திய ஒரு நீதிமன்றத்துக்கே சௌல்ட்ரி கோர்ட் என்று பெயர்.

இதனால் விளைந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே உள்ள புதுமண்டபம், திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. அதைத் 'திருமலை நாயக்கர் சௌல்ட்ரி' என்று பெயரிட்டு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓவியர் டேனியல் வரைந்தார். 1876இல் தம் கட்டடக்கலை வரலாற்றை வெளியிட்ட பெர்குசனும் அதே பெயரில்தான் எழுதினார். விழா மண்டபத்தைச் சத்திரம் என்று எண்ணிக்கொண்ட வெளிநாட்டார், அங்குள்ள சிற்பத் தூண்களைப் பார்த்து, 'வழிப்போக்கனுக்கு இவ்வளவு அலங்காரமா!' என்று வியந்திருப்பார்கள். ஆனால் வழிப்போக்கன் படுத்த உண்மையான சத்திரங்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் மரமுமாகச் சாலையோரத்தில் இருந்தன. அவற்றை வரைய அதிகம் பேர் வரவில்லை. கலை வரலாற்றில் சத்திரத்துக்கு இடம் குறைந்துபோனதற்கு இந்தப் பெயர்க் குழப்பமும் ஒரு காரணம் என்பேன்.

வணிகரும் கற்படுக்கையும்

வழியில் தங்க இடம் அமைத்துக் கொடுப்பதை அறமாகக் கொண்டது நம் நாட்டில் மிகப் பழைய வழக்கம். மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் மலையில் சமண முனிவர்க்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகளைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று அறிஞர் கணிப்பர். கொடுத்தவர்களில் பாண்டிய அரசைச் சேர்ந்தவர்களோடு வெள்ளறை நிகமத்தாரும் இருக்கிறார்கள். நிகமம் என்றால் வணிகர் குழு. அழகர்மலைக் குகையிலோ உப்பு வணிகன், பணித வணிகன் என்று தொழிலோடு பெயர் வெட்டியிருக்கிறார்கள். பணிதம் என்றால் கரும்புப்பாகு, வெல்லம். சரக்கு விற்கிறவன்தான் சாலையில் அதிகம் நடப்பவன். தங்க இடமில்லாத கஷ்டம் அவனுக்குத்தான் தெரியும்.

இவை துறவியர்க்காக அமைந்தவை, சத்திரங்கள் அல்ல. இரண்டையும் ஒன்றாக்கி எல்லாவற்றுக்கும் சமணமே தாய் என்று நான் சொல்ல வரவில்லை. பௌத்த காப்பியமாகிய மணிமேகலையில் வரும் உலக அறவி, புகார் நகரத்துப் பொது அம்பலம். அங்கேதான் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து பசித்தவர்க்கெல்லாம் உணவிட்டாள். எனவே பல சமயத்தாரும் சேர்ந்து வளர்த்த அறம் இது. சோழர் காலத்திலும் நாயக்கர் காலத்திலும் பெருகி வந்தது. இராணி மங்கம்மாள் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆட்சி நடத்தியபோது போட்ட சாலைகளும் வைத்த சத்திரங்களும் இன்றைக்கும் ஊர்ப்பேச்சில் உண்டு. மதுரை ரயில் நிலையத்தில் இறங்கியவர் எல்லாரும் எதிரே மங்கம்மாள் சத்திரத்தைப் பார்த்திருப்பார்கள்.

சேதுச் சாலையும் தேர்க் கட்டடமும்

தஞ்சையில் மராட்டியர் ஆட்சி வெங்கோஜியோடு 1676 அளவில் தொடங்குகிறது. அவர் சத்ரபதி சிவாஜியின் தம்பி. அவர் வழிவந்தவர்கள் தஞ்சையிலிருந்து இராமேசுவரம் போகும் சாலையில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாடு, இராசாமடம், சேதுபாவாசத்திரம் என்று அந்த வரிசை கடற்கரையைப் பிடித்துக்கொண்டு சேதுவை நோக்கிப் போகிறது. நீடாமங்கலம் யமுனாம்பாள் சத்திரம் போல வேறு சாலைகளிலும் உண்டு. இவற்றில் பலவற்றுக்கும் அரச குடும்பத்துப் பெண்களின் பெயர்கள்.

தஞ்சைக்கும் ஒரத்தநாட்டுக்கும் ஏறக்குறைய 15 மைல். காலையில் பூட்டிய மாட்டுவண்டி, நடுவில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, பொழுது சாயும் நேரத்தில் வந்து சேரும் தூரம் இது. சத்திரத்தை எங்கே கட்டுவது என்பதை முதலில் தீர்மானித்தது சிற்பியோ அரசனோ அல்ல, காளைமாட்டின் கால்தான். இங்கிலாந்தில் குதிரை வண்டிகள் ஓடிய காலத்து விடுதிகளும் இப்படிக் குதிரை மாற்றும் தூரத்தைக் கணக்கிட்டு எழுந்தவையே. லண்டன் சவுத்வர்க்கில் ஜார்ஜ் விடுதி என்று ஒன்று இருக்கிறது. 1676ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பிறகு மறு ஆண்டே மீண்டும் கட்டியது. வண்டி உள்ளே நுழைந்து நிற்க முற்றம், அதைப் பார்த்தபடி மாடித் தாழ்வாரங்கள், அவற்றை ஒட்டி அறைகள். முற்றத்தை நடுவில் வைத்த இந்த அமைப்பு நம் சத்திரத்துக்கும் பொது. வேறுபாடு கல்லாப்பெட்டியில் இருக்கிறது. அங்கே காசு கொடுத்தவனுக்கு அறை, அதற்கேற்ற சாப்பாடு. இங்கே காசு கேட்கிற ஆளே இல்லை. கல்லா வைக்காத கட்டடத்தில் வாசல் அகலமாக இருக்கும், திண்ணை நீளமாக இருக்கும், மடைப்பள்ளியும் நெற்களஞ்சியமும் பெரிதாக இருக்கும். தனி அறைகள் குறைவாகவும் பொதுக்கூடம் அதிகமாகவும் இருக்கும். வரவு செலவு மாறும்போது கட்டடத்தின் உருவமும் மாறிவிடுகிறது.

முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எழுந்தது. முக்தாம்பாள் மன்னரின் அன்புக்குரிய பெண்மணி. தம் பெயரில் ஓர் அறம் நடக்க வேண்டும் என்று அவர் இறக்கும் தறுவாயில் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். பட்டத்தரசி அல்லாத ஒருவர் பெயரில் இவ்வளவு பெரிய அறநிலையம் எழுந்தது கவனிக்கத்தக்கது.

கட்டடத்தின் சிறப்பாக எல்லாரும் காட்டுவது அதன் முகப்பு. குதிரைகளும் யானைகளும் இழுத்துச் செல்லும் தேர் போல அதனை அமைத்திருக்கிறார்கள். உள்ளே திறந்த முற்றங்களும் மரத்தூண் தாங்கும் தாழ்வாரங்களுமாகக் கட்டுக்கட்டாகப் போகிறது. கட்டடத்தைத் தேராகக் காட்டும் வழக்கம் சோழ நாட்டுக்குப் புதிதல்ல. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் 12ஆம் நூற்றாண்டிலேயே சக்கரமும் குதிரையும் பூட்டிய மண்டபம் இருக்கிறது. ஆனால் அங்கே தேரில் ஏறுபவர் இறைவன். ஒரத்தநாட்டில் ஏறுபவன் கால் கடுக்க நடந்து வந்த பரதேசி. நடந்தவன் படுத்துறங்க, கட்டடம் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவது போல ஒரு பாவனை. கோயிலில் தெய்வத்துக்குச் செய்த மரியாதையை இங்கே வழிப்போக்கனுக்குச் செய்திருக்கிறார்கள். இந்தச் சத்திரத்தின் கலைநயம் என்று நான் மதிப்பது இந்த எண்ணத்தைத்தான். யானைத் தந்தம் எத்தனை வளைவு, குதிரைக்கு எத்தனை மணி என்கிற விவரணை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1801ஆம் ஆண்டுக் கடிதம்

1799 உடன்படிக்கையில் சரபோஜி நாட்டின் நிருவாகத்தைக் கம்பெனியாரிடம் ஒப்படைத்தார். தஞ்சைக் கோட்டையும் சுற்றுப்புறமும் மட்டுமே அவர் கையில் மிஞ்சின. சத்திரங்களுக்கு நெல் கொடுத்த கிராமங்களும் கம்பெனியாரிடம் போய்விடும் நிலை வந்தது. அப்போது 1801இல் ரெசிடெண்ட் பெஞ்சமின் டாரினுக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சத்திரங்களை மட்டும் என் பொறுப்பில் விட்டுவிடுங்கள் என்பதே அதன் சாரம்.

அக்கடிதம் சொல்லும் செய்திகள் வியப்பூட்டுபவை. பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கர்க்கும், ஜங்கமர், பைராகி முதலிய எல்லாப் பரதேசிகளுக்கும் சோறு உண்டு. சமைத்த சோறு உண்ணாதவர்க்கு அரிசியும் மற்றப் பண்டங்களும் பச்சையாக அளக்கப்படும். நள்ளிரவு வரை சோறு போட்டுவிட்டு மணி அடிப்பார்கள். இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வாருங்கள் என்று கூவி அழைப்பார்கள். நோயுற்ற வழிப்போக்கர்க்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் கிடைக்கும். விஷக்கடிக்கு வைத்தியர் உண்டு. குழந்தைகளுக்குப் பால் உண்டு. கருவுற்ற பெண் அங்கேயே பிள்ளை பெற்றால் செலவு சத்திரத்தினுடையது, மூன்று மாதம் தங்கிப் போகலாம். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உபாத்தியாயர் படிப்புச் சொல்லித் தருவார், மூன்று வேளைச் சோறும் எண்ணெய்க் குளியலும் உண்டு, படித்து முடித்தால் கல்யாணமும் செய்து வைப்பார்கள். இறந்துபோன வழிப்போக்கனுக்கு அவனவன் முறைப்படி ஈமக்கடன் நடக்கும்.

இதைச் சமணக் கண்ணோடு படிக்கும்போது எனக்கு வேறொன்று தோன்றுகிறது. எங்கள் நூல்களில் இல்லறத்தானுக்கு நான்கு தானம் விதித்திருக்கிறது. உணவு, மருந்து, கல்வி, அபயம் என்பன அவை. சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இந்நான்கை எண்ணும்போது உணவு, மருந்து, உபகரணம், உறைவிடம் என்று வைத்தார். இந்நூலின் வழிவந்த தமிழ் நூல்தான் அருங்கலச்செப்பு. சரபோஜியின் கடிதத்தில் உள்ளதைப் பிரித்துப் பாருங்கள். சோறு, வைத்தியம், படிப்பு, அடைக்கலம் என்று நான்கும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன. அவர் சமண நூலைப் பார்த்துச் செய்தார் என்பதல்ல என் வாதம். அவர் சைவ வைணவ மரபில் நின்றவர், பாதிரியார் சுவார்ட்சிடம் பயின்றவர். வீட்டை விட்டுப் புறப்பட்டு வந்தவனுக்கு என்னென்ன இல்லாமல் போகும் என்று உண்மையாக யோசிக்கும் எவனும், எச்சமயத்தானாக இருந்தாலும், இந்த நான்கில்தான் வந்து நிற்பான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நள்ளிரவு மணி அடித்துக் கூப்பிட்டாலும் எங்களவர் போக முடியாது. பொழுது சாய்ந்தபின் உண்ணாமை எங்கள் விரதம். பச்சையாக அளந்த அரிசி பருப்புதான் எங்கள் போன்றாரைக் காப்பாற்றியிருக்கும். வாங்கிக்கொண்டு போய்க் குளக்கரையில் அடுப்பு மூட்டி, வெளிச்சம் இருக்கும்போதே உண்டு முடிக்கலாம். 'நான் போடுவதைத் தின்றால் தின்னு' என்று சொல்லாமல், வருகிறவன் நியமத்துக்கு இடம் விட்டது பெரிய பண்பு.

கணக்கின் மறுபக்கம்

இனிச் செலவுப் பக்கம். சரக்கு விற்கிறவனே எழுதிய விலைப்பட்டியலை அப்படியே நம்பக் கூடாது என்பது கடைத்தெருப் பாடம். இக்கடிதம் ஒரு மனு. நாடிழந்த மன்னர், கையில் மிஞ்சிய பெருமையைக் காத்துக்கொள்ள எழுதியது. நல்லதைக் கூட்டித்தான் சொல்லியிருப்பார். அதிலும் எல்லாச் சாதியார்க்கும் சோறு உண்டு என்று இருக்கிறதே தவிர, எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து உண்டார்கள் என்று இல்லை. பச்சைப் பண்டம் அளந்ததைப் பண்பு என்றேன். அதுவே தீட்டுக்குச் செய்த ஏற்பாடாகவும் இருந்திருக்கும். வேதத்துக்குத் தனித்தனி ஆசிரியர் இருந்ததும் அக்கடிதத்திலேயே வருகிறது. அவர்களிடம் யார் பிள்ளைகள் பயின்றிருப்பார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

மேலும், அந்த நெல்லை யார் விளைவித்தார்கள்? சத்திரத்துக்கு மானியமாக விட்ட கிராமங்களில் சேற்றில் நின்ற பண்ணையாள்தான் விளைவித்தான். கொடை மன்னர் பெயரில், புண்ணியம் முக்தாம்பாள் பெயரில், உழைப்பு பெயர் தெரியாதவன் பெயரில். புகழ் பாடுகிற நம் கட்டுரைகளில் இவனுக்கு ஒரு வரி இடம் கொடுப்பதில்லை.

1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்ததும் அரசும் போயிற்று. சத்திரச் சொத்துகள் சர்க்கார் வசம் வந்து, பிறகு ஜில்லா போர்டின் பொறுப்பில் சேர்ந்தன. 1861இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. 1914இல் பாம்பன் பாலம் முடிந்து இராமேசுவரத்துக்கும் ரயில் போயிற்று. இங்கிலாந்தில் குதிரை வண்டி விடுதிகளைக் கொன்றதும் ரயில்தான். இங்கேயும் 15 மைலுக்கு ஒரு சத்திரம் என்பதற்கு அர்த்தம் இல்லாமல் போனது. சாலை வெறிச்சோடினால் கடைக்கு வியாபாரம் ஏது?

ஆனால் சத்திரத்துக்கு மானியம் இருந்தது. பணம் இருந்து வேலை இல்லாத நிறுவனம் எப்படித் திரியும் என்பதை இங்கே பார்க்கிறோம். திருவையாற்றில் 1881இல் சத்திர நிதியைக் கொண்டு வடமொழிக் கல்லூரி தோன்றியது. ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் மாணவர் விடுதிகள் நடந்தன. கல்விக்குச் செலவிட்டது சரியே, நான்கு தானத்தில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த விடுதிகளில் பிராமண மாணவர்க்கே இடமும் சோறும் என்ற நிலை ஏற்பட்டது. 1801 கடிதத்தின் முதல் வாக்கியம் எங்கே, இது எங்கே! நள்ளிரவில் மணி அடித்து ஆள் தேடிய வாசலில், பழமொழியில் வரும் உத்தரவு வந்து குந்திக்கொண்டது.

இதை மாற்றியவர் 1920களில் தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த சர் ஏ.டி. பன்னீர்செல்வம். நீதிக்கட்சியைச் சேர்ந்தவர், கிறித்தவர். விடுதிகளை மற்ற வகுப்பு மாணவர்க்கும் திறந்துவிட்டார். திருவையாற்றுக் கல்லூரியில் தமிழும் படிக்க வழி செய்தார். அவரைச் சத்திர மரபை உடைத்தவர் என்று சிலர் அக்காலத்தில் குறைபட்டிருக்கலாம். நான் சொல்வேன், சரபோஜி எழுதிக் கொடுத்த வாக்கை நூற்றிருபது ஆண்டு கழித்துக் காப்பாற்றியவர் அவர்தான். கட்டியவரைப் பாடும் கட்டுரைகளில் திறந்தவரைப் பற்றியும் ஒரு பத்தி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மோடி எழுத்தும் மும்பைத் தமிழரும்

தஞ்சை மராட்டியரின் கணக்குகள் மோடி எழுத்தில் உள்ளன. சரசுவதி மகால் நூலகத்தில் மூட்டை மூட்டையாக இருந்தவற்றில் ஒரு பகுதியைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி, 1989இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. மன்னரின் மனுவைச் சரிபார்க்கக் கிடைத்திருக்கும் கணக்குப்புத்தகம் இதுதான். சத்திரங்களைப் பற்றி எழுத விரும்பும் இளைஞர் கடிதத்தையே திரும்பத் திரும்ப எழுதாமல், இத்தொகுதிகளில் இறங்கி வேலை செய்ய வேண்டும்.

மும்பையில் இருக்கும் நமக்கு இதில் தனி உரிமை உண்டு. மோடி இந்த மண்ணின் எழுத்து. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மகாராட்டிரத்தில் பத்திரங்களும் கணக்குகளும் இதில்தான் எழுதினார்கள். நம் ஊர்ச் சத்திரத்தில் எத்தனை கலம் அரிசி வெந்தது என்ற செய்தி, நம் பக்கத்து வீட்டு மராட்டியரின் தாத்தா எழுதிய எழுத்தில் இருக்கிறது. அங்கே அவர்கள் வந்தவர்கள், வந்த இடத்தில் சாலையெங்கும் சத்திரம் கட்டினார்கள். இங்கே நாம் வந்தவர்கள். 1960களில் 'வெளியே போ' என்ற குரலையும் கேட்டோம். இரண்டையும் சேர்த்து நினைக்கத்தான் வேண்டும், ஒன்றை வைத்து மற்றதை மறைக்கக் கூடாது.

மன்னர் யாரும் கட்டித் தராதபோது நம்மவர் தாமே சத்திரம் அமைத்துக்கொண்டார்கள். தாராவியில் ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கிய பொங்கல் வீடுகளும், மாட்டுங்காவில் தனியாள்களுக்குச் சோறு போட்ட மெஸ்களும் அந்த வகையைச் சேர்ந்தவை. காசு உண்டு, அதனால் முழுச் சத்திரம் என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் மாதம் சம்பளம் வரும்வரை பொறுத்துக்கொண்டது அங்கேதான். வடநாட்டுச் சமணர் செய்ததும் இங்கே கண்முன் நிற்கிறது. சி.பி. டாங்க் பகுதியில் உள்ள ஹீராபாக் தர்மசாலை, தானவீரர் எனப் பெயர்பெற்ற சேட் மாணிக்சந்த் ஹீராசந்த் ஜவேரி (1851–1914) செய்த அறம்.

முடிவாகச் சில சொற்கள்

சத்திரம் செத்துப்போன அமைப்பு, இனி அது தொல்லியல் துறைக்கான சரக்கு என்று சொல்லுகிறார்கள். நான் ஒப்பவில்லை. சென்னையில் 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் பக்கத்தில் முளைத்ததுதான் பிற்காலத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னைக்காரர் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லி வந்தார்கள். சத்திரம் தேவைக்குத் தக்கபடி உரு மாறும், சாகாது.

இன்றைக்கு நெடுந்தூரம் பயணம் செய்து வந்து போக்கிடம் இல்லாமல் நிற்பவர் யார்? யாத்திரிகர் அல்லர், அவருக்கு லாட்ஜ் உண்டு. நோயாளிதான். பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை 1941இல் தொடங்கி, 1962 முதல் அணுசக்தித் துறையின்கீழ் இயங்குகிறது. அணுசக்தி நகர் அன்பர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. நாடெங்கிலுமிருந்து புற்றுநோயாளிகள் அங்கே வருகிறார்கள். கதிர் வைத்தியம் வாரக்கணக்கில் நடக்கும். மருத்துவம் கிடைக்கிறது, தங்க இடம்தான் கிடைப்பதில்லை. நடைபாதையில் பாய் விரித்துக் கிடக்கும் குடும்பங்களைப் பரேல் பக்கம் போகிற எவரும் பார்க்கலாம். தெருப் பெருக்கிக்கொண்டே அறம் சொன்ன காட்கே மகராஜ் பெயரில் தாதரில் உள்ள தர்மசாலை அவர்களில் பலரைத் தாங்குகிறது. படிக்காத அந்தப் பெரியவர் சரபோஜி கடிதத்தைப் பார்த்தவர் அல்லர். ஆனால் அதன் பொருள் அவருக்குத் தெரிந்திருந்தது.

முக்தாம்பாள் சத்திரத்தை அரசு பழுது பார்த்துக் காக்க வேண்டும் என்று தீர்மானம் போடுவது நல்லதுதான், போடுவோம். அதோடு நின்றால் தேரைப் பார்த்துவிட்டு அதில் ஏறியவனை மறந்த கதையாகும். மும்பையில் தமிழர் சங்கங்கள் பல உண்டு. ஆண்டுக்கு ஒரு மலர், ஒரு விழா, ஒரு விருந்து என்று நாம் செலவிடுகிறோம். ஒவ்வொரு சங்கமும் இரண்டே அறையை, டாடாவுக்கு வரும் தமிழ்நாட்டு நோயாளிக்கென்று ஒதுக்கினால் போதும். எந்த ஊர், எந்த வகுப்பு, யார் சிபாரிசு என்று கேட்காமல் ஒதுக்க வேண்டும். தமிழ் தெரியாதவர் வந்து நின்றாலும் சாவியைக் கொடுக்க வேண்டும். சிகிச்சை முடியும்வரை, மூன்று மாதம் ஆனாலும் சரி, இருக்கவிட வேண்டும்.

கேட்கத் தொடங்கிய நாளிலேயே சத்திரம் சத்திரமாக இல்லாமல் போகிறது. ஒரத்தநாட்டுக் கட்டடம் இரு நூற்றாண்டுகளில் நமக்குக் காட்டியிருப்பது அதைத்தான்.